டயரும் சால்மனும், உங்கள் ஊர் ஜிலேபிக் கெண்டையும்

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கார் டயரிலிருந்து வரும் ஒரு ரசாயனம் மீன்களைக் கொல்கிறது என்று காணொளியில் பார்த்தது உண்மையா என்பது ஒன்று. போன வாரம் மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் உங்கள் ஊர் ஏரியில் ஜிலேபிக் கெண்டை கும்பலாகச் செத்து மிதந்ததே, அதற்கும் டயர்தான் காரணமா என்பது இன்னொன்று.

முதலாவதுக்கு ஆமாம். இரண்டாவதுக்கு, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அநேகமாக இல்லை. நான் மீன்வளம் படித்து, மீன் நோய்க்கூறு ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். மீன் செத்த இடத்தில் தப்பான ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் உண்மையான காரணம் அடுத்த மழைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் டயர் கதை. அது நடந்தது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரத்தில். பியூஜெட் சவுண்ட் என்று நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடல் பகுதியின் கரையில் இருக்கிற ஊர் அது. அந்தப் பக்கத்து ஓடைகளில் கோஹோ சால்மன் பிறக்கும். ஒரு வருடத்துக்கு மேல் ஓடையிலேயே வளர்ந்து, கடலுக்குப் போய்ப் பெரிதாகி, பெரும்பாலும் மூன்றாவது வயதில், இலையுதிர்கால மழையோடு பிறந்த ஓடைக்கே திரும்பி வரும். முட்டையிடும், செத்துப்போகும். அது அதன் இயல்பு. ஆகவே ஓடையில் செத்த சால்மனைப் பார்த்து அந்த ஊரில் யாரும் பதறுவதில்லை.

1990களில் சியாட்டிலின் நகரத்து ஓடைகள் சிலவற்றைச் சீரமைத்தார்கள். மீன் திரும்பி வந்தது. வேலை பலித்ததா என்று பார்க்கப் போனவர்களுக்குத்தான் அதிர்ச்சி. வந்த கோஹோ மீன்கள் நீர்மட்டத்தில் தாறுமாறாகச் சுற்றின, வாயைப் பிளந்தன, துடுப்புகளை விறைப்பாக விரித்தன, நிலை தடுமாறி ஒருக்களித்துச் சாய்ந்தன. சில மணி நேரத்தில் செத்தன. பெண் மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தால் முட்டை அப்படியே இருந்தது. சாவு இயல்பானதா இல்லையா என்பதற்கு அதுதான் சாட்சி. முட்டையிட்ட பிறகு செத்தால் அது வாழ்ந்து முடித்த மீன். வயிறு நிறைய முட்டையோடு செத்தால், அந்த ஓடையில் மூன்று வருடம் கழித்து வரவேண்டிய மீன்களும் அதனோடு சேர்ந்தே போய்விட்டன.

2002 முதல் 2009 வரை லாங்ஃபெல்லோ என்ற ஓடையில் சீசன் முழுக்கத் தினமும் நடந்து கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு வருடமும் திரும்பி வந்த மீன்களில் 60 முதல் 100 சதவீதம் வரை முட்டையிடாமலே செத்தன. நகரத்துக்கு வெளியே ஃபோர்ட்சன் என்ற ஓடையில் இதே கணக்கை 2002இல் எடுத்தபோது ஒரு சதவீதம்கூட இல்லை. அதே இனம், அதே பருவம், அதே மழை.

வழக்கமான சந்தேகங்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது. தண்ணீர் சூடாகவில்லை. அம்மோனியா இல்லை. நோய்க்கிருமி எதுவும் பிடிபடவில்லை. பூச்சிக்கொல்லி மேல் பெரிய சந்தேகம் இருந்தது, அதுவும் நிற்கவில்லை. எங்கள் தொழிலில் வெறுப்பேற்றும் கட்டம் இதுதான். கையில் பிணம் இருக்கும், பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரும் அடிபட்டுப் போயிருக்கும், மேலதிகாரி அறிக்கை எங்கே என்று கேட்பார். பல இடங்களில் இந்தக் கட்டத்தில் "மன அழுத்தத்தால் மரணம்" என்று எழுதி மூடிவிடுவார்கள். மீனுக்கு மன அழுத்தம் கொடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அவர்கள் மூடவில்லை. அமெரிக்கக் கடல்சார் நிறுவனமான நோவாவின் நத்தானியேல் ஷோல்ஸ் குழுவினர் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, ஓடைகளையும் அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் வரைபடத்தில் வைத்து, எங்கே சாவு அதிகம் என்று பார்த்தார்கள். சாலையும் கான்கிரீட் பரப்பும் எங்கே அடர்ந்திருந்ததோ அங்கே சாவும் அதிகம். மீன் ஆய்வில் இப்படி நிலத்தைப் படிப்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். காடாக இருக்கும் நிலத்தில் மழை மண்ணுக்குள் இறங்கி, நாள்கணக்கில் ஊறி, வடிகட்டப்பட்டு ஓடைக்கு வருகிறது. அதே நிலத்தில் தார் போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் நேராக ஓடைக்கு வந்து விழுகிறது. நிலத்தின் மேல்தோல் மாறிவிட்டது என்பதே ஓடையின் வேதியியலை மாற்றிவிடுகிறது.

இரண்டாவது, பரிசோதனை. சுகுவாமிஷ் பழங்குடியினர் நடத்தும் ஒரு மீன் குஞ்சு பொரிப்பகத்தில், நெடுஞ்சாலையில் வழிந்த மழைநீரைக் கொண்டுவந்து அதில் நல்ல ஆரோக்கியமான கோஹோவை விட்டார்கள். ஓடையில் பார்த்த அதே தடுமாற்றம், அதே சாவு. அப்புறம் சாலை நீரில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த உலோகங்களையும் எண்ணெய்ப் பொருள்களையும் அதே அளவில் கலந்து ஒரு செயற்கைக் கலவை செய்து அதில் மீனை விட்டார்கள். மீன் சாகவில்லை. மூன்றாவதாக, சாலை நீரை மணலும் மக்கிய உரமும் மரப்பட்டைத் தூளும் கலந்த மண் பத்தியின் வழியாக இறக்கி, அந்த நீரில் விட்டார்கள். அதிலும் மீன் சாகவில்லை.

இது 2016இல் வெளியானது. கொலையாளியின் பெயர் தெரியாது. ஆனால் அவன் சாலையில் இருக்கிறான், தெரிந்த ரவுடிகள் பட்டியலில் இல்லை, மண்ணைத் தாண்டி வரமாட்டான் என்பது வரை தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டால் மூன்றாவது பரிசோதனைதான் இந்தக் கதையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பெயரைக் கண்டுபிடித்தது சியாட்டிலுக்குப் பக்கத்து ஊரான டகோமாவில் எட்வர்ட் கொலோஜேயின் வேதியியல் குழு. அதில் முக்கியமான ஆள் செங்யூ தியான். அவர்களோடு வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டயர். சாலை நீரின் வேதியியல் ரேகையை வாகனத்திலிருந்து கசியும் பலவகைப் பொருள்களோடு ஒப்பிட்டபோது டயர் பக்கம் கை காட்டியது. டயரின் மேல் ரப்பரைச் சீவித் தூளாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் கோஹோ குஞ்சுகளை விட்டார்கள். செத்தன. ஆனால் அந்தச் சாற்றில் 2,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருந்தன.

இங்கேதான் அவர்கள் முறை எனக்குப் பிடித்தது. சாற்றை ஏதாவது ஒரு குணத்தை வைத்துப் பல பங்காகப் பிரி. ஒவ்வொரு பங்கையும் மீனுக்குக் காட்டு. எந்தப் பங்கில் மீன் சாகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள், மற்றதைக் கொட்டிவிடு. வைத்துக்கொண்டதை வேறு ஒரு குணத்தை வைத்து மறுபடி பிரி. இப்படியே இரண்டாயிரம் சில நூறாகி, சில நூறு கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்தது. தீர்ப்புச் சொன்னது கருவி அல்ல, மீன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மூரில் மீன் செத்தால் உடனே தண்ணீரை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, அச்சடித்த பட்டியலில் இருக்கிற முப்பது பொருளைப் பார்த்து, "எல்லாம் வரம்புக்குள் உள்ளது" என்று ஒரு தாளை வாங்கிவிடுகிறோம். கருவி எதைத் தேடச் சொன்னோமோ அதைத்தான் தேடும். சியாட்டில் கொலையாளி உலகத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கடைசியில் மிஞ்சிய பொருளில் 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். டயரில் சேர்க்கும் பொருள்களின் பட்டியலில் இப்படி ஒன்று கிடையாது. ஆனால் 6பிபிடி என்று ஒன்று உண்டு: 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். கார்பனும் நைட்ரஜனும் அச்சு அசல். இரண்டு ஹைட்ரஜன் போய் இரண்டு ஆக்சிஜன் வந்திருக்கிறது. அப்படியென்றால் சேர்த்த பொருள் கொல்லவில்லை, அது வெளியே வந்து வேறொன்றாக மாறிக் கொல்கிறது.

6பிபிடி எதற்கு? ஓசோன் என்றதும் நமக்கு வானத்தில் இருக்கும் குடைதான் ஞாபகம் வரும். தரையை ஒட்டிய காற்றிலும் கொஞ்சம் ஓசோன் உண்டு, வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து அதைக் கூட்டும். ரப்பருக்கு அது எமன். டயரை வெடிப்பு விடச் செய்துவிடும். அதைத் தடுக்கத்தான் டயர் எடையில் 0.4 முதல் 2 சதவீதம் வரை 6பிபிடியைச் சேர்க்கிறார்கள். அது மெதுவாக டயரின் மேற்பரப்புக்கு ஊறி வந்து, ஓசோன் ரப்பரைத் தொடும் முன்பே தான் போய் அதோடு வினைபுரிந்துவிடும். பழைய டயரின் பக்கவாட்டில் பழுப்பாக ஒரு படலம் படிந்திருக்குமே, அதில் இதற்கும் பங்கு உண்டு. சுருக்கமாக, ரப்பருக்காக அடி வாங்குகிற மெய்க்காவலன். அடி வாங்கியபின் அது ஆகிற பொருள்தான் 6பிபிடி-குயினோன். ஆய்வகத்தில் 6பிபிடியை ஓசோனோடு வினைபுரிய விட்டபோது அதே பொருள் வந்தது. அதில் மீனை விட்டார்கள், செத்தது. 2020 டிசம்பரில் சயன்ஸ் இதழில் வெளியானது.

முதலில் அவர்கள் சொன்ன கொல்லும் அளவு லிட்டருக்கு சுமார் 0.8 மைக்ரோகிராம், அதாவது 800 நானோகிராம். பிறகு தூய்மையான மாதிரி கடையில் கிடைக்க ஆரம்பித்ததும் மறுபடி அளந்து, தாங்கள் சொன்னது தவறு, 95 நானோகிராமே போதும் என்று அவர்களே திருத்தினார்கள். கிட்டத்தட்ட எட்டு மடங்கு வித்தியாசம். காணொளிகளில் இன்னும் பழைய எண்தான் சுற்றுகிறது. 95 நானோகிராம் என்றால் எவ்வளவு? 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் கால் கிராம் போட்டால், அதில் விட்ட கோஹோவில் பாதி செத்துவிடும். பெரியவர் மருந்து மாத்திரை ஒன்றே அதைவிடக் கனமாக இருக்கும்.

ஏன் மழைக்காலத்தில் மட்டும் என்றால், சியாட்டிலின் கோடை வறண்டது. மாதக்கணக்கில் டயர் தூள் சாலையில் சேர்ந்துகொண்டே இருக்கும். இலையுதிர்காலத்து முதல் நல்ல மழை அதை மொத்தமாக வழித்துக்கொண்டு ஓடைக்கு இறங்கும். ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டது, உள்ளே வா என்று கடல் வாயிலில் காத்திருக்கும் கோஹோவுக்குச் சொல்வதும் அதே மழைதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசிய ஆரம்பிக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போய் ரத்தம் கெட்டியாகிறது. மூளைக்குள் வேண்டாதது நுழையாமல் காக்கும் தடுப்பும் ஓட்டை விழுகிறது. அந்தத் தள்ளாட்டம் அதனால்தான்.

இப்போது உங்கள் ஏரிக்கு நெருங்கி வருகிற கேள்வி: எல்லா மீனும் இதற்குச் சாகுமா? சாகாது. இதுதான் ரொம்ப விசித்திரம். அதே ஓடைக்கு வருகிற சம் சால்மன், கோஹோவின் பங்காளி, ஒரே பேரினம். கோஹோ செத்துக்கொண்டிருக்கிற அதே சாலை நீரில் அது சாதாரணமாக நீந்துகிறது. வானவில் டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் சாகும், ஆனால் கோஹோவைவிட அதிக அளவு தேவை. அட்லாண்டிக் சால்மன், ஆர்க்டிக் சார், வெள்ளை ஸ்டர்ஜன் எல்லாம் தாங்கின. ஜப்பானில் வரிக்குதிரை மீனையும் மெடாக்கா என்ற சின்ன மீனையும் வைத்துப் பார்த்தார்கள், இரண்டும் சாகவில்லை. உறவுமுறையை வைத்து யார் சாவார், யார் பிழைப்பார் என்று ஊகிக்க முடியவில்லை. ஒவ்வொரு இனமும் அந்தப் பொருளை உடம்பில் எவ்வளவு வேகமாக உடைத்து வெளியேற்றுகிறது என்பதில் விடையின் ஒரு பகுதி இருக்கலாம் என்று ஆய்வுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

வரிக்குதிரை மீன் நம் துணைக்கண்டத்து மீன்தான். கட்லா, ரோகு, மிர்கால் இருக்கிற கெண்டை வகையறாவின் தூரத்துச் சொந்தம். அதனால் நம் கெண்டைகளுக்கும் ஆபத்தில்லை என்று சொல்லிவிடலாமா? சம் சால்மன் விஷயத்தைப் பார்த்த பிறகு நான் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். சொந்தக்காரன் பிழைத்தான் என்பது ஆறுதல், அவ்வளவுதான்.

காட்டுயிர் பக்கம் இதே மாதிரி ஒரு கதை நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்திருக்கிறது. 1990களில் இந்தியாவின் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக மறைந்தன. முதலில் எல்லோரும் ஏதோ வைரஸ் என்றுதான் நினைத்தார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் நிபுணர், அவரும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்தான், பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தார். உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்திருந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, மாடு செத்தபின் கழுகின் வயிற்றுக்குள் போயிருந்தது. 2004இல் நேச்சர் இதழில் வந்தது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மாட்டுக்கு மருந்து, நமக்கும் மருந்து, பாறுக்கு நஞ்சு. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியிருக்கிற பாறுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். "மனிதனுக்குப் பாதுகாப்பானது, எலிக்குப் பாதுகாப்பானது" என்ற சான்றிதழ் இன்னொரு உயிருக்கு எதையும் உறுதி செய்வதில்லை என்பதை இரண்டு கதையும் காட்டுகின்றன. டயர் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே: சேர்த்த பொருளைச் சோதித்தால்கூடப் போதாது, அது காற்றில் என்னவாக மாறும் என்றும் பார்க்க வேண்டியிருந்தது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். கலிஃபோர்னியா 2023 அக்டோபரில், 6பிபிடி கலந்த டயர்களை முன்னுரிமைப் பொருளாக அறிவித்து, மாற்று இருக்கிறதா என்று ஆராயும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் தலையில் வைத்தது. அதே வருடம் யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், பியூயாலப் பழங்குடிகள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மனு கொடுத்தார்கள். நவம்பரில் மனு ஏற்கப்பட்டது. 2024இல் அந்த முகமை நன்னீர் உயிர்களுக்கான குறுகிய கால எச்சரிக்கை அளவாக லிட்டருக்கு 11 நானோகிராம் என்று ஒரு எண்ணை வெளியிட்டது. இந்த எண் கட்டாய வரம்பு அல்ல. மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பது சுலபமும் அல்ல. டயர் ஓடும் வேகத்தில் வெடித்தால் மனிதன் சாவான். அதனால் ஓசோனிடமிருந்து ரப்பரை அதே அளவுக்குக் காக்கவும் வேண்டும், அடி வாங்கியபின் நஞ்சாகவும் கூடாது. 6பிபிடியின் தங்கச்சி ரசாயனங்கள் சிலவும் ஓசோன் பட்டால் குயினோன் ஆகின்றன என்பதால் அவசரப்பட்டு ஒன்றை எடுத்து இன்னொன்றைப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதனால்தான் அந்த மண் பத்தியைப் பெரிய கண்டுபிடிப்பு என்றேன். பெயர் தெரியாத காலத்திலேயே, மணலும் மக்கும் மரப்பட்டையும் கொலையை நிறுத்தியிருக்கின்றன. சாலை ஓரத்தில் தண்ணீர் இறங்கி ஊறுகிற மாதிரி பள்ளமான தோட்டம் அமைத்து, வடிகால் நீரை அதன் வழியாக விடுவதை அங்கே பல இடங்களில் செய்கிறார்கள். நாம் வடிகால் என்றால் இரண்டு பக்கமும் கான்கிரீட், அடியிலும் கான்கிரீட், நேராக ஏரிக்கு ஒரு வாய் என்று கட்டுகிறோம். ஏரி வரத்துக் கால்வாயில் கோரையும் புல்லும் மண்டிக் கிடப்பதைப் பார்த்தால் "தூர்வாரவில்லை" என்று கோபம் வருகிறது. பாதி நேரம் அந்தப் புல்தான் சம்பளமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம்மூரில் இந்த டயர் விஷயத்தை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்டால், நான் நீலகிரியைச் சொல்வேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட் அங்கே இருக்கிறது, அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமே உண்டு. மேலே பட்டியலில் சாகிற பக்கம் இருக்கிற மீன் அது. மலைச்சாலை, வளைவுக்கு வளைவு பிரேக், சீசன் நேரத்தில் வரிசை கட்டி நிற்கிற வண்டி. ஆராய்ச்சித் தலைப்பு தேடுகிற மாணவர் யாராவது இதைப் படித்தால், சாலை ஓர ஓடைகளில் முதல் மழை நீரை எடுத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் ஏரி. நீங்கள் சொன்னவை மூன்று: முதல் நாள் சாயங்காலம் மழை, இரவு முழுக்க மூட்டம், விடியற்காலையில் சாவு. கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், பெரிய மீன்கள்தான் அதிகம் செத்தன, கரையில் பையன்கள் பிடித்த விரால் துள்ளிக்கொண்டிருந்தது என்று. உங்களுக்கு அது சும்மா ஒரு தகவல். எனக்கு அதுதான் பாதி விடை.

விரால் நீருக்கு மேலே வந்து வாயால் காற்றைக் குடிக்கும். கெண்டையால் அது முடியாது, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை நம்பியே வாழ்கிறது. ஜிலேபி குறைந்த ஆக்சிஜனையும் தாக்குப்பிடிக்கிற முரட்டு மீன்தான், ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஜிலேபி செத்து விரால் பிழைத்திருந்தால் முதலில் ஆக்சிஜனைத்தான் சந்தேகிக்க வேண்டும். கோஹோ கதை மாதிரி ஆள் பார்த்துக் கொல்கிற நஞ்சும் உண்டுதான், ஆனால் ஏரியில் நஞ்சு கலந்தால் பொதுவாக அது விரால், கெண்டை என்று இப்படி ஆள் பார்க்காது, பெரும்பாலும் விராலும் சேர்ந்தே மல்லாந்திருக்கும். பெரிய மீன் முதலில் சாவதும் மூச்சுத்திணறலின் அடையாளம்தான். நஞ்சு என்றால் பெரும்பாலும் குஞ்சுதான் முன்னால் போகும்.

நேரமும் பொருந்துகிறது. பச்சைப் பாசி நிறைந்த ஏரியில் பகலில் பாசி ஆக்சிஜன் விடும். ராத்திரி அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் ஏரியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. முதல் நாள் மூட்டமாக இருந்தால் பகலிலேயே சேமிப்பு குறைந்திருக்கும். நம்மூர் வெப்பத்தில் தண்ணீர் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சிஜனே கம்மி, 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். சியாட்டில் ஓடை மாதிரி 10 டிகிரி தண்ணீர் என்றால் பதினொன்றுக்கு மேல் பிடிக்கும். இந்த நிலையில் மழை வந்து, தெருச் சாக்கடையையும் குப்பையையும் ஏரிக்குள் தள்ளி, அடிச் சேற்றையும் கலக்கிவிட்டால், அதைத் தின்கிற பாக்டீரியாவே மிச்ச ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். மீன் நாலு மணிக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆறு மணிக்கு மிதக்கும். ஒன்பது மணிக்கு அதிகாரி வந்து ஆக்சிஜன் அளக்கும்போது வெயில் ஏறி, பாசி வேலை செய்து, அளவு நன்றாக இருக்கும். "தண்ணீர் சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு குளத்தில் இதே தவறைச் செய்தேன். காலை பத்தரை மணிக்கு அளந்து, ஆக்சிஜன் காரணமல்ல என்று எழுதிக்கொடுத்தேன். குளத்துக்காரர் சிரித்துவிட்டு, "தம்பி, நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க" என்றார். போனேன். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

ஆகவே உங்கள் ஏரியில் தேட வேண்டியது சாக்கடை எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதைத்தான். டயர் என்று பேச ஆரம்பித்தால் செய்தியாகும், ஆனால் அந்தச் சாக்கடை வாயை யாரும் அடைக்கமாட்டார்கள்.

இருந்தாலும் நான் சொல்வது ஊகம்தான், உங்கள் ஏரியை நான் பார்க்கவில்லை. மறுபடி நடந்தால் இதைச் செய்யுங்கள். மூட்டமான ராத்திரிக்கு மறுநாள் சூரியன் வருமுன் போங்கள், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் மானி இல்லாவிட்டாலும் எந்தெந்த மீன் செத்தது, எது உயிரோடு இருக்கிறது, பெரியதா சிறியதா, தவளையும் இறாலும் நண்டும் எப்படி இருக்கின்றன, தண்ணீர் என்ன நிறம், என்ன வாடை என்று எழுதினாலே போதும், பாதி வேலை முடிந்தது. தண்ணீரைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் தளும்பத் தளும்ப நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், சில பொருள்கள் அதில் ஒட்டிக்கொண்டுவிடும். ஊதிப்போய் மிதக்கிற மீனை எடுத்து வராதீர்கள், அதற்குள் எங்களுக்குப் படிக்க எதுவும் மிச்சமிருக்காது. தள்ளாடிக்கொண்டிருக்கிற, இன்னும் செவுள் அசைகிற மீன் இரண்டு மூன்று வேண்டும். அதையும் ஐஸ் மேல் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்தால் திசு கிழிந்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. மதியத்துக்குள் பக்கத்திலிருக்கிற மீன்வளக் கல்லூரியிலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.